இத்தாலியக் குடும்பப் படங்களை எங்கிருந்து தொடங்கி, எப்படிப் பார்ப்பது?

இத்தாலியப் படம் என்றதும் பலரும் முதலில் தேடிப் பார்ப்பது 1997இல் வெளிவந்த 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்தைத்தான். மூன்று ஆஸ்கர் விருதுகள் பெற்ற அந்தப் படத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், வீட்டுக்குள் நடக்கும் சிரிப்பையும் அழுகையையும் ஒரே காட்சியில் வைத்துக் காட்டும் இத்தாலிய மரபுக்குள் நுழைய அது சரியான வாசல் அன்று. அந்தப் படத்தில் குடும்பத்துக்கு நேரும் கேடு வெளியிலிருந்து வருகிறது. இங்கே நான் சொல்லவிருக்கும் படங்களில் கேடு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. அதை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள், அறிந்துகொண்டே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

முதல் படமாக 2008இல் வந்த 'மிட் ஆகஸ்ட் லஞ்ச்' படத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே ஓடும் சிறிய படம் அது. ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெருவிடுமுறை நாள்; வசதியுள்ளவர்கள் எல்லாம் கடற்கரைக்கும் மலைக்கும் போய்விட, ரோம் நகரம் வெறிச்சோடிக் கிடக்கும். மணமாகாத ஜான்னி, தொண்ணூறைக் கடந்த தன் தாயோடு பழைய அடுக்ககம் ஒன்றில் வாழ்கிறார். பராமரிப்புக் கட்டணப் பாக்கி மலைபோல் ஏறியிருக்கிறது. கட்டட நிர்வாகி வந்து, விடுமுறைக்கு என் தாயை உங்களிடம் விட்டுப்போகிறேன், பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுகிறேன் என்கிறார். சொன்னபடி தாயோடு வருபவர், கூடவே ஓர் அத்தையையும் அழைத்துவந்து இறக்கிவிடுகிறார். அடுத்து ஜான்னியின் மருத்துவரும் தன் தாயைக் கொண்டுவந்து விடுகிறார். இயக்குநர் ஜான்னி தி கிரெகோரியோவே ஜான்னியாக நடிக்க, அந்த மூதாட்டிகளாக வருபவர்கள் தொழில்முறை நடிகைகள் அல்லர். புதிய சுமை ஒன்று தலையில் ஏறும்போதெல்லாம் ஜான்னி வாய் திறந்து எதையும் சொல்வதில்லை, தன் கோப்பையில் கொஞ்சம் வெள்ளை ஒயினை ஊற்றிக்கொள்கிறார். அந்தக் கையைக் கவனியுங்கள். தாயை விட்டுவிட்டு அவசரமாகக் கிளம்பும் மகன்களைப் படம் திட்டுவதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை. இந்த அளவுக்குத் தணிந்த குரலில் பேசும் படத்தை ரசிக்கப் பழகிவிட்டால், மற்ற படங்களின் கூச்சலுக்கு அடியில் ஓடுவதும் காதில் விழத் தொடங்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை 1960களின் படங்கள். இவற்றைப் பார்ப்பதற்கு முன் அக்காலத்து இத்தாலியச் சட்டத்தைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். பொதுவாக ஒரு படத்துக்கு முன்னுரை படிப்பது எனக்குப் பிடிக்காது. இங்கே மட்டும் விதிவிலக்கு, ஏனெனில் இந்தப் படங்களில் நகைச்சுவையே சட்டப் பிரிவுகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. இத்தாலியில் 1970 டிசம்பர் வரை மணமுறிவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதே நேரத்தில், 1930ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 587ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மனைவியோ மகளோ சகோதரியோ தகாத உறவில் இருப்பதைக் கண்டு, குடும்ப மானம் போயிற்றே என்ற ஆத்திரத்தில் ஒருவர் கொலை செய்தால், அவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை மட்டுமே சிறை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மனைவியை விட்டுப் பிரிய வழியில்லாத கணவனுக்குக் கொல்வதற்கு மட்டும் மலிவான வழி ஒன்று திறந்திருப்பது தெரியும்.

பியெத்ரோ ஜெர்மி 1961இல் எடுத்த 'டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' முழுக்க முழுக்க இந்தக் கணக்கின் மேல் எழுப்பப்பட்ட படம். சிசிலியில் நொடித்துப்போன பிரபு ஃபெர்தினாந்தோ, தன் இளம் உறவுக்காரப் பெண் ஆஞ்செலாவின் மேல் மோகம் கொள்கிறான். மனைவியை நேரடியாகக் கொன்றால் ஆயுள் போய்விடும். ஆகவே அவளுக்கு ஒரு காதலனைத் தேடிக் கொடுத்து, இருவரையும் கையும் களவுமாகப் பிடித்து, மானத்துக்காகச் சுட்டவனாக நிற்கத் திட்டமிடுகிறான். தெருவில் நடந்து போகும்போதே, நாளைக்கு நீதிமன்றத்தில் தனக்காக வழக்கறிஞர் முழங்கப்போகும் வாதத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறான். மார்ச்செல்லோ மாஸ்த்ரோயானி எண்ணெய் பூசி வாரிய தலையோடும், தூங்கி வழியும் இமைகளோடும், வாயோரத்தை அடிக்கடி சொடுக்கிக்கொள்ளும் பழக்கத்தோடும் இந்த மனிதனை நடித்திருக்கிறார். அவனுடைய குரலே கதையைச் சொல்லிக்கொண்டு போவதால், கொஞ்ச நேரத்தில் நாமும் அவன் பக்கம் சாய்ந்து, திட்டம் பலிக்க வேண்டுமே என்று பதற ஆரம்பித்துவிடுகிறோம். சிரித்த சிரிப்புக்கு நாமே பொறுப்பேற்கும்படி செய்துவிடுவதுதான் ஜெர்மியின் கெட்டிக்காரத்தனம். திரைக்கதைக்காக ஆஸ்கர் விருதையும் வென்ற இந்தப் படத்தின் தலைப்பிலிருந்துதான் 'இத்தாலிய பாணி நகைச்சுவை' என்று ஒரு மரபுக்கே பெயர் கிடைத்தது.

கையோடு ஜெர்மியின் அடுத்த சிசிலியப் படமான 'செட்யூஸ்டு அண்ட் அபாண்டண்டு' (1964) படத்தையும் பார்த்துவிடுங்கள். இதற்கான சட்டப் பிரிவு 544. பெண்ணைக் கெடுத்தவன் அவளையே மணந்துகொண்டால் குற்றம் கரைந்துபோகும் என்றது அது. அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்டவன் தங்கையைக் கெடுத்துவிட, குடும்ப மானத்தைக் காப்பாற்றத் தந்தை ஆடும் ஆட்டமே கதை. அந்தத் தந்தையாக நடித்த சாரோ ஊர்ட்சி கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். இந்தப் படத்தில் சிரிப்பு ஒவ்வொரு முறையும் தொண்டையில் சிக்கும், அப்படிச் சிக்க வேண்டும் என்றுதான் ஜெர்மி எடுத்திருக்கிறார். படம் வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1965 டிசம்பரில், சிசிலியின் அல்காமோ ஊரில் கடத்திக் கெடுக்கப்பட்ட ஃபிராங்கா வியோலா, கெடுத்தவனை மணக்க மறுத்து வழக்கை நடத்தினார். ஆனாலும் 544, 587 ஆகிய இரு பிரிவுகளும் நீக்கப்பட 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டத்தோடு சேர்ந்த மூன்றாவது படம், வித்தோரியோ தெ சீகாவின் 'மேரேஜ் இத்தாலியன் ஸ்டைல்' (1964). இதன் மூலக்கதை எதுவார்தோ தெ ஃபிலிப்போவின் நேப்பிள்ஸ் நாடகம். பல ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் மணக்காத ஆணை, சாகப்போவதாக நடித்து மணந்துகொள்கிறாள் சோஃபியா லோரன் நடித்த ஃபிலுமேனா. தனக்கு மூன்று மகன்கள் உண்டு, அவர்களில் ஒருவன் உன் பிள்ளை என்கிறாள். எவன் என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறாள். ஜெர்மியின் படங்களை விட இது இளகிய மனம் கொண்டது. ஜெர்மிக்குப் பிறகு பார்த்தால்தான் அந்த இளக்கத்தின் மதிப்பு தெரியும் என்பது என் கருத்து.

இத்தாலியக் குடும்பப் படத்தில் சாப்பாட்டு மேசைதான் நீதிமன்றம், சந்தை, போர்க்களம் எல்லாம். பார்க்கும்போது யார் எங்கே உட்காருகிறார்கள், யாருக்கு முதலில் பரிமாறப்படுகிறது, யார் கடைசி வரை உட்காரவே இல்லை என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வசனத்தை விட அதுவே அதிகம் சொல்லும். தீனோ ரீசியின் 'எ டிஃபிகல்ட் லைஃப்' (1961) படத்தில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. முடியாட்சியா குடியரசா என்று நாடு வாக்களித்து முடித்த 1946 ஜூன் மாதம். பசியால் வாடும் ஏழைப் பத்திரிகையாளனும் அவன் மனைவியும் முடியாட்சி விசுவாசிகளான ஒரு பிரபுக் குடும்பத்தின் மேசையில் எப்படியோ இடம் பிடித்துவிடுகிறார்கள். ஆல்பெர்த்தோ சோர்தி நடித்த அந்தப் பத்திரிகையாளனோ, எதிரணியில் நின்று போரிட்ட குடியரசுவாதி. குடியரசு வென்றது என்று வானொலி அறிவிக்கிறது. வீட்டுக்காரர்கள் இழவு விழுந்ததுபோல் ஒவ்வொருவராக எழுந்து போக, நிறைந்த மேசையின் முன் இந்த இருவர் மட்டும் மிஞ்சுகிறார்கள், தொடர்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு நாட்டின் ஆட்சி மாறியதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

இந்தக் காட்சி மனத்தில் இருக்கும்போதே 2023க்குத் தாவி, பாவ்லா கொர்த்தெல்லேசி இயக்கி நடித்த 'தேர்ஸ் ஸ்டில் டுமாரோ' படத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இந்தப் படம், அந்த ஆண்டு இத்தாலியத் திரையரங்குகளில் மற்ற எல்லாப் படங்களையும் வசூலில் முந்தியது. களம் அதே 1946இன் ரோம். தேலியா கண் விழித்ததும் கணவனுக்குக் காலை வணக்கம் சொல்கிறாள், பதிலுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுகிறது, அவள் எழுந்து அன்றைய வேலையைத் தொடங்குகிறாள். நிலவறை வீட்டிலிருந்து கிளம்பி ஊசி போட, துணி தைக்க, குடை பழுதுபார்க்க என்று நாள் முழுதும் ஓடுகிறாள். குடைக்கடையில் அவள் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டிய புதிய பையனுக்கு அவளை விடக் கூலி அதிகம். ஏன் என்று கேட்டால், அவன் ஆண் என்பதே விடை. கணவன் அடிக்கும் ஒரு காட்சியை இயக்குநர் நடனமாக அமைத்திருக்கிறார். அது வன்முறையை அழகுபடுத்துகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடியின் ஒலி எங்கே போயிற்று என்று நாம் தேடும்போதுதான், அந்த வீட்டில் அது எவ்வளவு பழகிப்போன ஒன்று என்பது உறைக்கிறது. இத்தாலியப் பெண்கள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் முதன்முறையாகக் கலந்துகொண்ட நாள் 1946 ஜூன் 2 என்பதை மட்டும் தெரிந்துகொண்டு படத்துக்குள் போங்கள். முடிவைப் பற்றி எதையும் முன்கூட்டிப் படித்துவிடாதீர்கள்.

மேசையிலிருந்து வீட்டுக்கு வருவோம். எத்தோரே ஸ்கோலாவின் 'தி ஃபேமிலி' (1987) ரோமில் உள்ள ஒரே வீட்டுக்குள் 1906 முதல் 1986 வரையிலான எண்பது ஆண்டுகளைச் சொல்கிறது. கேமரா வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. இரண்டு உலகப் போர்களும் பாசிச ஆட்சியும் வாசல் வழியே வரும் செய்தியாகவும், திரும்பி வராதவரின் காலி நாற்காலியாகவுமே நமக்குத் தெரியவருகின்றன. காலம் தாவும்போதெல்லாம் படம் அந்த வீட்டின் நீண்ட நடைக்கூடத்தின் வழியே மெல்ல நகரும். அப்போது கைபேசியை எடுத்துவிடாதீர்கள். சுவரிலும் மரச்சாமான்களிலும் ஏற்படும் மாற்றங்களில்தான் பத்தாண்டுகள் கழிகின்றன. சகோதரிகள் இருவரில் ஒருத்தியைக் காதலித்து மற்றவளை மணந்த கார்லோவின் கதையில் பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தப் படத்தைத் தூக்கம் வராத நேரத்தில், ஒரே அமர்வில் பார்ப்பதே நல்லது.

இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது மாரியோ மோனிச்செல்லியின் 'பரேந்தி செர்பென்தி' (1992). கிறிஸ்துமஸுக்காக அப்ருட்சோ மலைப்பகுதியின் சுல்மோனா நகரில் பெற்றோர் வீட்டில் நான்கு பிள்ளைகளும் குடும்பத்தோடு கூடுகிறார்கள். பள்ளிக் கட்டுரை எழுதும் ஒரு பேரனின் குரல் கதை சொல்கிறது. முதல் பாதி முழுக்கக் கட்டியணைப்பும் சமையலும் சீட்டாட்டமுமாகப் போகும், பொறுமையிழந்து ஓட்டிவிட வேண்டாம். பண்டிகை விருந்தின்போது தாய் ஒரு செய்தி சொல்கிறாள்: எங்களுக்கு வயதாகிவிட்டது, இனி உங்களில் ஒருவரோடு வந்து இருக்கிறோம், யாரோடு என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். முன்பு கேட்ட ஒவ்வொரு பாச வார்த்தையும் அதன் பிறகு எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். முடிவு மிகக் கொடுமையானது. வயதான பெற்றோரோடு உட்கார்ந்து பார்க்கும் படம் இது அன்று. அவர்களோடு பார்க்க வேண்டுமென்றால் 'மிட் ஆகஸ்ட் லஞ்ச்' இருக்கவே இருக்கிறது.

இத்தனை இயக்குநர்களை வரிசைப்படி தொடர்வது அலுப்பாக இருந்தால், ஒரு நடிகையின் வழியே போகலாம். ஸ்டெஃபானியா சாந்த்ரெல்லி 'டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' படத்தில் ஆஞ்செலாவாக வந்தபோது பதின்வயதுப் பெண். ஜெர்மியின் அடுத்த படத்தில் கெடுக்கப்பட்ட தங்கை அவர்தான். 'தி ஃபேமிலி'யில் கார்லோவின் மனைவி; கபிரியேலே மூச்சினோவின் 'தி லாஸ்ட் கிஸ்' (2001) படத்தில் மகளின் வாழ்க்கையைப் பார்த்துத் தன் மணவாழ்வையே உதற நினைக்கும் தாய். 2010இல் பாவ்லோ வீர்சி லிவோர்னோ நகரில் வைத்து எடுத்த 'தி ஃபர்ஸ்ட் பியூட்டிஃபுல் திங்' படத்தில், ஊரே வம்பு பேசிய ஓர் அழகியின் இறுதி நாட்களை நடித்திருக்கிறார். அதில் அவருடைய மகனாக வரும் வலேரியோ மாஸ்தாந்ரேயாதான் கொர்த்தெல்லேசியின் படத்தில் அறையும் கணவன். அரை நூற்றாண்டில் இத்தாலியத் திரை ஒரு மகளை எப்படித் தாயாக்கியது என்பதை இந்த ஐந்து படங்களிலேயே கண்டுகொள்ளலாம்.

மொழியைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். ஆங்கிலக் குரல் பதிவை விலக்கி, இத்தாலிய ஒலியோடும் வசன எழுத்துகளோடும் மட்டுமே பாருங்கள். பழைய படங்களில் உதடும் ஒலியும் பொருந்தாமல் தெரிந்தால் உங்கள் பிரதியில் பிழை என்று எண்ண வேண்டாம். படப்பிடிப்புக்குப் பிறகு குரலைப் பதிவதே அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. சிசிலி, நேப்பிள்ஸ், ரோம் ஆகியவற்றின் வட்டார வழக்குகளை வசன எழுத்து ஒரே மொழியாகத் தட்டையாக்கிவிடும். ஆகவே ஒரு பாத்திரம் கோபத்தில் பேச்சின் வேகத்தையும் ராகத்தையும் மாற்றும் இடங்களைக் காதால் பிடிக்கப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு பாவ்லோ ஜெனொவேசேயின் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (2016) படத்துக்கு வரலாம். இரவு விருந்தில் நண்பர்கள் தங்கள் கைபேசிகளை மேசை நடுவில் வைத்து, வரும் அழைப்புகளையும் செய்திகளையும் எல்லோர் முன்னிலையிலும் திறக்க ஒப்புக்கொள்கிறார்கள். உலகில் மிக அதிகமாக மறுஆக்கம் செய்யப்பட்ட படம் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது இது. ஏதாவது ஒரு மொழியில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கவும் கூடும். அப்படியானாலும் மூலத்தைப் பாருங்கள். மறுஆக்கங்கள் பெரும்பாலும் இரகசியங்கள் வெடிப்பதில்தான் கவனம் வைக்கின்றன; மூலத்தில் கடைசிச் சில நிமிடங்களே முக்கியம், அவற்றை இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பது பயன் தரும்.