நெற்றி மேலேறுகிறதா? தழும்பாகும் முடியிழப்பைக் கண்டறிதல்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் திருமணப் படம் இல்லாத முகப்பு அரிது. ஐம்பதைக் கடந்த ஆச்சிமார், அந்தப் படத்தில் புருவத்துக்கும் முடியோரத்துக்கும் இருந்த இடைவெளியை இன்று கண்ணாடியில் தெரிவதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நெற்றி ஏறிப் புருவமும் மெலிந்திருந்தால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

‘ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா’ என்னும் இந்நோய், மாதவிலக்கு நின்ற ஆஸ்திரேலியப் பெண்களிடம் 1994-இல் முதலில் விவரிக்கப்பட்டது. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்கி அழிக்க, அந்த இடத்தில் தழும்பு படிவதால், போன முடி பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே நாளைக் கடத்துவதுதான் இதில் பெரிய இழப்பு.

வளவில் வானவெளிச்சம் விழும் இடத்தில் அமர்ந்து, மகளையோ மருமகளையோ முடியை ஒதுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முடி போன பட்டையில் தோல் வழுவழுப்பாகவும் வெளிறியும், மயிர்த்துளைகளே தெரியாமலும் இருக்கும். நடுவே ஓரிரு முடிகள் மட்டும் தனித்து நிற்கும். ஓரத்து முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்போ மெல்லிய செதிலோ தென்படும். அரிப்போ எரிச்சலோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் நிறத்துப் பெண்கள் சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் கருமை படர்வதும் உண்டு. இறுக்கிப் பின்னி, கனமாகப் பூச்சூடுவதால் வரும் உதிர்வில் பெரும்பாலும் நெற்றியோரத்தில் குட்டை முடிகள் மிஞ்சியிருக்கும் என்றாலும், அந்தப் பழக்கத்தையும் தளர்த்துவது நல்லது.

சின்ன வெங்காயச் சாற்றைத் தேய்க்காதீர்கள். அழற்சி கொண்ட தோலை அது மேலும் புண்ணாக்கும். நேரே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியால் பார்த்து, ஐயமிருந்தால் முடி இன்னும் நிற்கும் ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 4 மில்லிமீட்டர் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

நோய் பரவாமல் நிறுத்துவதே சிகிச்சையின் நோக்கம். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, ஓரத்தில் போடும் ட்ரையாம்சினலோன் ஊசி, டாக்ஸிசைக்ளின் அல்லது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை ஆகியவை நிலைக்கேற்பத் தரப்படும். கடைசியாகச் சொன்ன மாத்திரையைத் தொடர்ந்து உண்பவர்கள் கண் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு என்னும் மருந்துகளும் பலருக்குப் பயன்படுகின்றன. ஆனால் கருவுறும் வாய்ப்புள்ளவர்கள் அவற்றை உட்கொள்ளக் கூடாது. நோய் அடங்கி ஓராண்டாவது கழியுமுன் முடி நடும் சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள். நட்ட முடியையும் அது தின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புருவ நடுவிலிருந்து முடியோரம் வரை தையல் டேப்பால் அளந்து தேதியோடு குறித்துவைத்து, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய அது அவருக்கு உதவும்.