வீட்டுக்கு டி.டி. டேபிள்: காசைக் கரியாக்கும் வழிகள்

ஏப்ரல் பிறந்தால் போதும், டேபிள் டென்னிஸ் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவராக என்னிடம் வருவார்கள். "சார், லீவுக்கு வீட்டிலேயே ஒரு டேபிள் வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம். எந்த கம்பெனி நல்லது?" கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எங்கே போடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சென்னையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மொட்டை மாடியில்தான் சார், மேலே ஷெட் போட்டிருக்கிறோம்."

நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறு. நான்கு கடை ஏறி விலை விசாரியுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஷெட் விவகாரத்தைத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கூரை இருக்கிறதே என்று நம்புவது

கடைகளில் சாதாரணமாக விற்கும் டேபிளின் பலகை எம்.டி.எஃப் அல்லது பார்ட்டிகிள் போர்டு. மர இழையையோ மரத்தூளையோ பசை சேர்த்து அழுத்திச் செய்தது. அதன்மேல் தண்ணீர் கொட்டத்தான் வேண்டும் என்றில்லை. காற்றில் இருக்கும் ஈரமே அதைப் பொருமவைக்கப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும்போது தகரக் கூரை என்ன செய்துவிடும்?

மேல்பக்கம் பெயின்ட் கனமாக இருப்பதால் ஈரம் அந்த வழியாக அதிகம் இறங்காது. விளிம்பு வழியாகவும், அடியில் கால்களுக்குத் திருகு இறக்கிய துளைகள் வழியாகவும் ஏறும். இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், வலைக்கு அடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு பாதி மேடாகத் தட்டினால் கதை தொடங்கிவிட்டது. அப்புறம் ஓரத்து வெள்ளைக் கோடு வெடிக்கும், பெயின்ட் கொப்புளிக்கும், அங்கே பட்ட பந்து எழும்பாமல் செத்து விழும்.

திருவான்மியூரில் ஒரு வீட்டில், போட்டிகளில் போடும், பலகை 25 மி.மீ. தடிமன் உள்ள டேபிளையே வாங்கினார்கள். "வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் சார், கவலையே வேண்டாம்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவர்களும் குழந்தையைப் போர்த்துவதுபோல் தினமும் ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அந்தத் தார்ப்பாய்தான் இன்னும் கெடுத்தது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகையிலேயே வியர்த்து நின்றது. பகலில் தகரத்தின் சூடு, இரவில் கடற்காற்றின் ஈரம். பொங்கலுக்குள் பலகை நடுவில் தொய்ந்துவிட்டது. அடுத்த கோடையில் அதன்மேல் வடகம் காயவைத்தார்கள். கடையில் போய்க் கேட்டதற்கு, வெளியில் போட்டால் வாரண்டி செல்லாது என்று அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்களாம். மொட்டை மாடிக்கு என்று தெரிந்தேதான் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான்.

மாடியில்தான் போட வேண்டும் என்றால் அவுட்டோர் டேபிள் என்றே கேட்டு வாங்குங்கள். மெலமைன் பிசின் பலகை, அல்லது அலுமினியம் கலந்த பலகை. அது 5, 6 மி.மீ. தடிமன்தான் இருக்கும். "25 மி.மீ. கிடைக்கும்போது இந்தத் தகட்டுக்கா இவ்வளவு விலை?" என்று பேரம் பேசாதீர்கள், பொருளே வேறு, மில்லிமீட்டர் கணக்கு இரண்டுக்கும் பொருந்தாது. கால்களுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், உப்புக் காற்று சும்மா விடாது. மழைநீர் ஓடுவதற்காக மாடித் தளத்தைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், ஆகவே காலடியில் உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் வசதியும் வேண்டும். இவ்வளவு செய்தாலும் பந்தின் எடை 2.7 கிராம். மாடிக் காற்றில் பொழுதுபோக்காக ஆடலாம், முறையான பயிற்சிக்கு ஆகாது.

பந்தைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவது

வீட்டுக்குள் போடுவதென்றால் 12 மி.மீ. பலகை பொம்மைக்குச் சமம். 18, 19 மி.மீ. வீட்டு ஆட்டத்துக்குத் தாங்கும். பிள்ளை போட்டிகளுக்குப் போகிறது, கையில் பணமும் இருக்கிறது என்றால் 25 மி.மீ. கடைக்குப் போகும்போது ஒரு பந்தும் ஸ்கேலும் எடுத்துச் செல்லுங்கள். 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் ஏறக்குறைய 23 செ.மீ. எழும்ப வேண்டும். மூலை, நடு, வலையோரம் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. கடைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான், பார்க்கட்டும்.

தச்சரிடம் செய்யச் சொல்வது

பிளைவுட் 8 அடிக்கு 4 அடியாக வருகிறது. டேபிளில் பாதி மட்டுமே 5 அடிக்கு நாலரை அடி. ஒட்டுப் போட்டால் அந்த இடத்தில் பந்து துள்ளுவது மாறும். போடாவிட்டால் டேபிளே எட்டுக்கு நாலாகக் குறுகிவிடும். அப்படி ஒன்றில் பழகி வந்த பையன் ஆழமாக அடிப்பதாக நினைத்து அடிக்கும் ஒவ்வொரு பந்தும் சரியான டேபிளில் அரையடி முன்னாலேயே விழுந்து, எதிராளி ஸ்மாஷ் அடிக்க வாகாக எழும்புகிறது. அதைத் திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

டேபிளை மட்டும் அளப்பது

9 அடிக்கு 5 அடி என்பது டேபிளின் அளவு. ஆடுகிறவர் நிற்க இரு முனையிலும் ஐந்தைந்து அடி, பக்கவாட்டில் மும்மூன்று அடியாவது வேண்டும். ஆக 19 அடிக்கு 11 அடி.

லிஃப்டையும் படிக்கட்டையும் அளக்காதது

முன்பணம் கொடுப்பதற்கு முன் அளந்துவிடுங்கள்.

இலவச பேட்டுக்காக வாங்குவது

வேண்டாம்.

பழையது என்றாலே ஒதுக்குவது

கிளப்புகளில் டேபிள் மாற்றும்போது பழையதை விற்பார்கள். நல்ல பலகை பாதி விலைக்குக் கிடைக்கலாம். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். திருகுகளைச் சுற்றிப் பலகை உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சக்கரம் துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, வெளியே மாற்றிக்கொள்ளலாம்.