கூடியது குப்பை இல்லை, மணல்

கடற்கரையில் கண்ணில் பட்ட குப்பையையெல்லாம் எண்ணி எழுதினேன். அடுத்த மாதம் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. பதறிவிட்டேன். பிறகுதான் புரிந்தது: முதல் தடவை கடல் ஏறியிருந்த நேரம், இரண்டாம் தடவை வற்றியிருந்த நேரம். நடந்த மணல்பரப்பே வேறு.

சரி, முதலில் எண்ணும் இடத்தை நிலையாக வரையறுப்போம் என்று கரையோரம் 100 மீட்டரை அளந்து, இரு முனைகளையும் ஜிபிஎஸ்ஸில் குறித்தேன். அதை 5 மீட்டர் அகலத்தில் 20 பட்டைகளாக்கி, சீட்டுக் குலுக்கி 4 மட்டும் எடுத்தேன். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) சொல்லும் முறை இது. குலுக்காமல் நாமே தேர்ந்தெடுத்தால் கால் தானாகக் குப்பை அதிகமுள்ள பக்கம் போகும். இப்போது நீர் வற்றும் நேரத்தில் மட்டுமே போகிறேன்.

அப்புறம் தெர்மாகோல். உடைந்த பெட்டி ஒன்றா, நாற்பதா? 2.5 செ.மீ.க்குக் கீழே விட்டுவிடுவது, மேலே இருந்தால் துண்டுக்கு ஒன்று என்று முடிவு செய்தேன். பாட்டில் மூடி ஏறக்குறைய அந்த அளவுதான். மணலில் அளவுகோலைத் தேட முடியாது என்பதால் சட்டைப்பையில் ஒரு மூடி.

இன்னொரு குளறுபடி: சில மாதம் எண்ணியதைப் பொறுக்கினேன், சில மாதம் விட்டுவிட்டேன். பொறுக்கினால் அடுத்த முறை எண்ணுவது புதிதாகச் சேர்ந்ததை. விட்டால், மொத்தமாகக் கிடப்பதை. இப்போது எது என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுகிறேன். பழைய தாள்களை ஒப்பிடவே முடியவில்லை, ஓரமாக வைத்துவிட்டேன்.