கடை உங்களுடையது, பாஸ்வேர்டு யாருடையது?

ஈரோட்டுப் பக்கம் ஜவுளிக்கடை, மளிகைக்கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. புதுக் கடையில் கால் வைத்தால் பில் புத்தகத்தை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது இதை: "ஏனுங்ண்ணா, கூகுள் மேப்ல நம்ம கடை வருதுங்களே, அது யாரோட ஜிமெயில்ல இருக்குது?"

"அது பெரியப்பா பையன் போட்டுக் குடுத்தானுங்க. இப்ப சிங்கப்பூர்ல இருக்கான்."

வாடகைப் பத்திரத்தைப் பெரியப்பா பையன் பெயரில் எழுதச் சொன்னால் அண்ணன் சண்டைக்கு வருவார். மேப், வாட்ஸ்அப், வெப்சைட் என்றால் மட்டும் யார் பெயரில் இருந்தால் என்ன என்று விட்டுவிடுகிறார்.

இதில் ரொம்ப ஆபத்தானது ஜிஎஸ்டி தளம். பதிவு செய்யும்போது கைபேசி எண், மின்னஞ்சல் கேட்கும். "உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு" என்று கணக்கு பார்ப்பவரே தன் எண்ணைப் போட்டுவிடுவார். (ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன்.) பிறகு துறையின் நோட்டீஸ் தளத்தில் ஏறும்; தகவல் அவருக்குப் போகும். அவரோடு மனஸ்தாபம் ஆகிவிட்டாலோ, அவர் சிம்மை மாற்றிவிட்டாலோ கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. பதில் வராவிட்டால் உத்தரவு போட்டுவிடுவார்கள். மேல்முறையீட்டுக்கு 3 மாதம்தான். வங்கிக் கணக்கு முடங்கிய பிறகு ஓடிவருகிறவர்கள் உண்டு. எண்ணை மாற்றுவது பெரிய வேலையில்லை, தளத்திலேயே திருத்தம் போடலாம். உள்ளேயே நுழைய முடியாவிட்டால் உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய்க் கேளுங்கள்.

மேப்பில் முதன்மை உரிமையாளராக நீங்கள் இருங்கள், பையன் மேலாளராக இருக்கட்டும். வெப்சைட் செய்து தருபவரிடம் டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில்தான் பதிவாக வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கல்லா. சொந்தக் கணக்கின் கியூஆரையே கடையில் ஒட்டிவைப்பது எங்கும் நடக்கிறது. மச்சான் திருப்பித் தந்த கடன், சீட்டுப் பணம், வியாபாரம் எல்லாம் ஒரே கணக்கில் விழும். 2025 ஜூலையில் பெங்களூரு கடைக்காரர்கள் பலருக்கு, யுபிஐ வரவை வைத்தே வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வரியே இல்லாத காய்கறி, பால் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போனது. வங்கி வரவில் தொகைதான் தெரியும், எதை விற்றீர்கள் என்று தெரியாது. அங்கே சிலர் கியூஆரைக் கிழித்துவிட்டு 'பணம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். பயம் புரிகிறது, ஆனால் அது வைத்தியமில்லை. கடைக்கென்று தனிக் கணக்கும், தினமும் போடும் பில்லும் இருந்தால் கேள்வி வரும்போது காட்ட ஏதாவது இருக்கும்.

அதே ஆண்டு ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகச் சில கடைகளின் கியூஆர் மேல் வேறு கியூஆரை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வந்த பணமெல்லாம் திருடன் கணக்குக்கு. ஸ்கேன் செய்தபோது பெயர் வேறாக வந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. கடை திறந்ததும் உங்கள் கியூஆரை நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். உங்கள் ஸ்பீக்கர் சொல்லட்டும். பணம் வாங்க ஒருபோதும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.

பேக்கப் எடுக்கிறீர்களா என்றால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். பார்த்தால் சிஸ்டத்தின் பின்னாலேயே ஒரு பென்டிரைவ் வருடக்கணக்கில் சொருகியிருக்கும். காசு கட்டாமல் திருட்டுத்தனமாக ஏற்றிய பில்லிங் சாப்ட்வேரோடு, கோப்புகளைத் திறக்கவிடாமல் பூட்டும் வைரஸ் ஏறினால் பென்டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 'வைரஸ் வந்துடுச்சுங்க சார்' என்பதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாரம் ஒருமுறை எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை வேறொரு லேப்டாப்பில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பைப் பலபேர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக வாட்ஸ்அப். சேல்ஸ் பையனின் சொந்த சிம்மில் ஆர்டர் எடுத்தால், அவன் எதிர்க்கடைக்குப் போகும் அன்று வாடிக்கையாளர்களும் கூடவே போவார்கள். வாட்ஸ்அப் பிசினஸை லேண்ட்லைன் எண்ணிலும் தொடங்கலாம், சரிபார்ப்பு எண்ணை அழைப்பில் சொல்லும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான 6 இலக்க எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வேலையை விட்டு நிற்கிற அன்று சம்பளத்தைக் கையில் கொடுத்த கையோடு, இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். அவன் வீட்டு லேப்டாப் இன்னும் அதில் இருக்கலாம்.