புது எக்ஸ்ட்ரீம் மெட்டல் ஆல்பம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை வந்தால் புது ரிலீஸ்கள் குவியும். இசையைக் கேட்டு வாங்க உதவும் பேண்ட்கேம்ப் தளத்தைத் திறந்து, ஒரு ஆல்பத்தின் முதல் பாட்டில் அரை நிமிஷம், அடுத்ததில் நடுவிலிருந்து கொஞ்சம், "ஒரே இரைச்சலப்பா" என்று மூடிவிட்டு அடுத்த ஆல்பத்துக்குத் தாவல். டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்று ராக் இசையின் மிகக் கடுமையான கிளைகளைச் சேர்ந்த, அதிகம் வெளியே தெரியாத அண்டர்கிரவுண்ட் பேண்டுகள் பலவற்றுக்கு இப்படித்தான் தீர்ப்பு சொல்லப்படுகிறது. ஆல்பம் மோசமாகவே இருக்கலாம். ஆனால் தப்பான அளவுகோலோடு உட்கார்ந்தால் அது மோசமா நல்லதா என்பதே தெரியாமல் போகும்.

கருவி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமான சுருதியில் சுமார் 82 ஹெர்ட்ஸ். டெத் மெட்டலில் அதை 'பி' (B) ஸ்வரம் வரை இறக்குவது சகஜம். அப்போது 62 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும். பாஸ் கிட்டார் அதற்கும் கீழே. கைக்குள் அடங்கும் ஸ்பீக்கரில் இந்தப் பகுதி ஏறக்குறைய காணாமலே போய்விடும். மிஞ்சுவது சிம்பல் சீறலும் கிட்டாரின் கரகரப்பும்தான். அதை வைத்து "ரிஃப்பே இல்லை", அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டே இல்லை, என்று சொல்வது நியாயமில்லை. சுமாரான வயர் இயர்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

அடுத்தது எல்லோரும் செய்யும் தவறு: ரெக்கார்டிங் தெளிவாக இல்லை என்றால் பேண்டுக்கு வசதியோ திறமையோ இல்லை என்று முடிவு கட்டுவது. இதற்கு நார்வேயின் டார்க்த்ரோன் நல்ல மறுப்பு. 1991இல் வெளிவந்த அவர்களின் முதல் ஆல்பம் 'சோல்சைட் ஜர்னி' சுத்தமான டெத் மெட்டல். ஸ்டாக்ஹோமில் டோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க்கின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவானது. அன்றைக்கு ஸ்வீடன் டெத் மெட்டலுக்கு அதைவிடப் பேர்போன இடம் கிடையாது. அதே பேண்ட் 1994இல் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தை நான்கு டிராக் (ஒலித்தடம்) மட்டுமே கொண்ட சின்ன ரெக்கார்டரில் பதிவு செய்தது. கிட்டார், பாஸ், டிரம்ஸ் எல்லாம் ஃபென்ரிஸ் ஒருவரே. குரல் மட்டும் நாக்டர்னோ கல்ட்டோ. நல்ல ஸ்டுடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் கிட்டத்தட்ட ஒரே அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். டிரம்ஸைப் பின்தொடர்ந்தால் ரெண்டு நிமிஷத்தில் சலித்துவிடும். அதை மழைச் சத்தம் மாதிரி பின்னால் விட்டுவிட்டு கிட்டாரைப் பிடித்தால், மேலே ஒரு மெட்டு மெதுவாக நகர்வது கேட்கும். பளிச்சென்ற மிக்ஸிங்கில் இந்த ரெண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றிருக்கும், அந்த மயக்கம் வந்திருக்காது.

சன்லைட்டின் சொந்தச் சத்தமும் இப்படித்தான். பாஸ் (Boss) நிறுவனத்தின் 'எச்எம்-2' என்ற, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் நான்கு குமிழ்கள் உண்டு. நான்கையும் கடைசி வரை திருகி வைத்தால் மரம் அறுக்கும் ரம்பம் போலக் கிட்டார் கத்தும். ஸ்வீடனின் என்டூம்ட் பேண்ட் சன்லைட்டில் பதிவு செய்து 1990இல் வெளியிட்ட 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தில் அதைத்தான் செய்தது. இன்றைக்கு வரும் புதுப் பேண்டுகளில் எத்தனையோ பேர் அதே பெடலை அதே மாதிரி திருகுகிறார்கள். அந்த ரம்பச் சத்தத்தைக் குறையாகச் சொல்ல வேண்டாம். காப்பியடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால் பாதிப் பேர் காப்பிதான்.

பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பட்டனைத் தொடாதீர்கள். சியாட்டிலின் பெல் விட்ச் 2017இல் வெளியிட்ட 'மிரர் ரீப்பர்' மொத்தமும் ஒரே பாட்டு, 83 நிமிஷம். கிட்டாரே கிடையாது, பாஸும் டிரம்ஸும், அவ்வப்போது ஆர்கனும் குரலும். பேண்டின் முன்னாள் டிரம்மர் ஏட்ரியன் கெர்ரா 2016இல் இறந்துபோனார். முந்தைய ஆல்பத்துக்காகப் பதிவாகிப் பயன்படாமல் இருந்த அவருடைய குரலை இந்தப் பாட்டின் நடுவில் வைத்திருக்கிறார்கள். நேராக அந்த இடத்துக்குத் தள்ளிக் கேட்டால் வெறும் உறுமல். அதுவரை நடந்த மெதுவான நடையோடு வந்து சேர்ந்தால்தான் அந்தக் குரல் தாக்கும். 2023இல் வந்த 'தி கிளாண்டஸ்டைன் கேட்' ஆல்பமும் அதேபோல ஒரே நீளப் பாட்டுதான். ஃப்யூனரல் டூம் என்ற இந்த மிக மெதுவான வகைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்க முடியாதென்றால் அன்றைக்குத் தொடவே வேண்டாம். பதிலுக்கு அசுர வேகத்தில் சின்னச் சின்னப் பாட்டுகளாக வரும் கிரைண்ட்கோர் வகையில் ஒரு இபி (ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பு) கேளுங்கள், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

போன ஆல்பத்தை மனதில் வைத்துக்கொண்டு புதியதைக் கேட்பதும் ஏமாற்றத்துக்கு வழி. டென்வரின் பிளட் இன்கன்டேஷன் 2019இல் சிக்கலான டெத் மெட்டல் ஆல்பம் போட்டது. ரசிகர்கள் அதன் தொடர்ச்சிக்குக் காத்திருக்க, 2022இல் 'டைம்வேவ் ஜீரோ' வந்தது: பெரும்பாலும் சிந்தசைஸர், ஒரு டிஸ்டார்ஷன் ரிஃப்கூட இல்லை. திட்டினவர்கள் ஏராளம். 2024இன் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் பதிவாகி, ஜெர்மனியின் சிந்தசைஸர் இசைக்குழுவான டாஞ்சரின் ட்ரீமின் கலைஞர் ஒருவரின் பங்களிப்போடு வந்தபோதுதான், அந்த சிந்தசைஸர் ஆல்பம் எதற்கான ஒத்திகை என்று பலருக்குப் புரிந்தது. 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' மொத்தமே ரெண்டு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று துண்டு. அதையும் துண்டு துண்டாகக் கேட்டு வைத்தால் ஒன்றும் ஒட்டாது.

வரிகளைப் படிக்காமல் "எல்லாம் சாத்தான் சமாச்சாரம்" என்று ஒதுக்குவது இன்னொன்று. உறுமல் குரலில் சொற்கள் காதில் பிடிபடாது, பழகினவர்களுக்கும்தான். அதனால் பேண்டின் பக்கத்திலோ கேசட் அட்டையிலோ வரிகள் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். அமெரிக்காவின் நைல் பழைய எகிப்தைப் பாடுகிறது. இங்கிலாந்தின் கார்கஸ் ஆரம்ப ஆல்பங்களில் மருத்துவப் புத்தகத்தையே கொட்டி வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் ருத்ரா 1992இல் தொடங்கிய பேண்ட். கதிர், சிவா என்று நம் காதுக்குப் பழகின பெயர்கள். பாடுவதோ வேதாந்தம், சமஸ்கிருத சுலோகங்கள் உட்பட.

ஆனால் வரிகளையும் பேண்டையும் பார்க்க வேறொரு காரணமும் உண்டு. பிளாக் மெட்டலின் ஒரு மூலையில் நாஜிக் கொள்கையை வெளிப்படையாகவோ பூடகமாகவோ பரப்பும் பேண்டுகள் இருக்கின்றன. இசை வேறு, அரசியல் வேறு என்பது அவரவர் வாதம். காசு கொடுப்பதற்கு முன்னால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் பேண்டின் ஊர், உறுப்பினர்கள், பாடுபொருள் எல்லாம் கிடைக்கும். அதே தளம் பெயர்க் குழப்பத்துக்கும் உதவும். டெத் என்று ஃப்ளோரிடாவில் ஒரு பேண்ட், டெட்ராய்ட்டில் அதற்கும் முந்தைய வேறொரு பங்க் பேண்ட். சின்னப் பேண்டுகளில் ஒரே பெயர் இன்னும் சகஜம். ஸ்ட்ரீமிங் ஆப் ரெண்டு பேரின் ஆல்பங்களை ஒரே பக்கத்தில் போட்டுக் கலக்கும்போது, "என்ன திடீரென்று ஹிப்ஹாப் போட்டுவிட்டார்கள்" என்று பேண்டைத் திட்டாதீர்கள்.

அப்புறம் வால்யூம். இந்த இசைக்கு உரக்க வைக்கத்தான் கை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை. 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பெல் விட்ச்சை உரக்க வைத்து மூன்று தடவை கேட்டாலே அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும்.

பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால் முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, "நூறு பிரதிகள்தான்" என்ற பயத்தில் வினைல் இசைத்தட்டை ஆர்டர் செய்யாதீர்கள். லேபிள் முன்கூட்டி வெளியிடுவது பெரும்பாலும் ஆல்பத்தின் ஆகச் சுலபமான பாட்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவே தட்டின் விலையைத் தொட்டுவிடும். டிஜிட்டலாக வாங்கினால் பேண்ட்கேம்ப் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்ற குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதையும் விட்டுக்கொடுக்கிறது. அவசரமில்லை என்றால் அந்த வெள்ளி வரை பொறுத்து வாங்கலாம்.