ஃப்ரீசருக்குள் நல்ல ஆட்டுக்கறி தேடுவது

தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்தவரை கறி பார்த்து வாங்கத் தெரிய வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை. தீபாவளிக்கு முதல் நாள், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் ஆடு வெட்டி, வாழையிலையில் கூறு போடுவார்கள். ஈரல் ஒரு துண்டாவது எல்லாக் கூறிலும் இருக்கும். எந்த ஆடு என்றுகூடத் தெரியும். போன வாரம் என் கத்தரிச் செடியை மேய்ந்த அதே ஆடு.

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் கடைக்கறி. (ஊருக்குப் பெயர் மாறியது 2007இல். எங்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) இங்கே மளிகைக் கடையில் கிடைக்கும் ஆட்டுக்கறி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வருவது. 'ஐஸ் கறியா' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிப்பதில்லை. ஒருமுறை உறைந்த கறி நல்ல கறிதான். உருகி மறுபடி உறைந்ததுதான் வம்பு.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மருமகன் முதல்முறை விருந்துக்கு வந்த அன்று, ஒரு கடையில் வெள்ளைத் தட்டில் சிவப்பாக அடுக்கி 'சேகார்' என்று ஒட்டி வைத்திருந்த கறியை இரண்டு கிலோ வாங்கினேன். மலாயில் அதற்குப் புத்தம்புதிய கறி என்றுதானே அர்த்தம்? சட்டியில் போட்டதும் கறி நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் விட்டது. பெரட்டல் குழம்பாகிப் போனது, துண்டுகள் வெறும் சக்கை. பாவம், அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உருகி மறுபடி உறைந்த கறியைத்தான் உருக்கி அடுக்கியிருக்கிறார்கள். உறையும்போது கறியிலுள்ள நீர் பனித் துகளாகி நாரைக் கிழிக்கிறது. இரண்டு முறை உறைந்தால் இரண்டு முறை கிழியும். உருகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும்.

அதனால் இப்போதெல்லாம் தட்டில் இருக்கும் கறியைத் தூக்கிச் சாய்த்துப் பார்ப்பேன். மூலையில் சிவப்புத் தண்ணீர் குளமாக ஓடினால் அங்கேயே வைத்துவிடுவேன். அது ரத்தமில்லை, கறியின் சாறு. அது வெளியே வந்துவிட்டால் உள்ளே என்ன மிச்சம்?

ஃப்ரீசரில் எடுப்பதென்றால் பொட்டலத்தைக் குலுக்குங்கள். துண்டுகள் தனித்தனியாகக் கடகடவென்று ஆடினால் நல்லது. எல்லாம் ஒரே பாளமாக ஒட்டி, அடியில் இளஞ்சிவப்பு ஐஸ் படிந்திருந்தால் ஒருமுறை உருகியிருக்கிறது என்று வையுங்கள். உள்ளே பூம்பனி மாதிரி வெள்ளைத் துகள் நிறைய இருந்தாலும், கறியில் வெளுத்துக் காய்ந்த திட்டு இருந்தாலும் ரொம்ப நாள் கிடந்த சரக்கு. திட்டு விழுந்ததைத் தின்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ருசிதான் இருக்காது. மேலாக அடுக்கியதை எடுக்காதீர்கள். பெட்டியின் உள்சுவரில் ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் குவித்த சரக்குக்குக் குளிர் ஒழுங்காகப் போய்ச் சேராது. கை மரத்தாலும் பரவாயில்லை, அடியிலிருந்து எடுங்கள். 'தாரிக் லுப்புட்' என்ற காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரையும் படிக்க வேண்டும். 'பெபிரி' என்றால் செம்மறி, 'காம்பிங்' என்றால் வெள்ளாடு. கடைக்காரர் இரண்டையும் மட்டன் என்றுதான் சொல்வார். செம்மறியில் கொழுப்பு அதிகம், ஆறினால் நாக்கில் மெழுகாக ஒட்டும், வாடையும் தூக்கலாக இருக்கும். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. எனக்குப் பெரட்டலுக்கு வெள்ளாடுதான். செம்மறிதான் கிடைத்தது என்றால் மேல்கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு, பட்டை சோம்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுவேன்.

முழுத் தொடையாகவோ முன்னங்காலாகவோ வைத்திருந்து, கேட்டால் மெஷினில் அறுத்துத் தரும் கடை கிடைத்தால் விடாதீர்கள். பலரும் தொடையைக் கேட்பார்கள். நான் முன்னங்காலும் கழுத்தும் கேட்பேன். அங்கேதான் ஜவ்வு அதிகம். ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் வேகும்போது அது கரைந்து மசாலாவோடு பிசுபிசுவென்று சேரும். தொடைக்கறி வருவலுக்குச் சரி. எங்கள் கடையில் அறுப்பவர் வங்காளதேசத்துத் தம்பி. 'போத்தோங் பெசார் சிக்கிட்' (கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள்) என்று சொல்லாவிட்டால் சுண்டைக்காய் அளவுக்கு அறுத்துவிடுவார். எலும்பெல்லாம் சிம்பாகி வாயில் குத்தும். வாள் அறுத்த எலும்புத் தூள் துண்டுகளில் மாவாக ஒட்டியிருக்கும், அதை மட்டும் நன்றாக அலசிவிடுங்கள்.

கோழிக்கு இவ்வளவு பாடு இல்லை. விலையை ஒப்பிடும்போது மட்டும் கவனம்: 'ஸ்டாண்டர்ட்' கோழியில் தலை, கால், ஈரல் சேர்ந்து வரும், 'சூப்பர்' கோழியில் அவை இருக்காது. 2023 நவம்பர் 1ஆம் தேதியோடு அரசின் கோழி விலைக் கட்டுப்பாடு போய்விட்டதால் கடைக்குக் கடை விலை மாறும். தோல் மஞ்சளாக இருந்தால் நாட்டுக்கோழி என்று நம்பாதீர்கள், தீனியைப் பொறுத்துத் தோல் நிறம் மாறும். தொட்டால் வழவழப்பு, மோந்தால் புளிப்பு வாடை என்றால் வேண்டாம்.

அப்புறம், கறியைக் கடைசியாக வாங்குங்கள். காய்கறி வாங்கி, தெரிந்தவரோடு நின்று கதை பேசி, மோட்டார் சைக்கிள் கூடையில் கறியை வைத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்து வழியாக வந்தால் வீடு சேர்வதற்குள் பாதி உருகிவிடும். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கறி வெளியே கிடக்கக் கூடாது. நான் பழைய தெர்மாகோல் மீன்பெட்டி ஒன்றைக் கழுவிப் பின்சீட்டில் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

உறைந்த பொட்டலத்தை வீட்டுக்கு வந்ததும் அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். அறுத்து வாங்கிய கறி இளகியிருந்தால் திரும்ப உறைய வைப்பதில்லை, அன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிடுவேன். பொட்டலத்தை எடுக்கும்போது குழாயடியில் போட்டு உருக்காதீர்கள். சனிக்கிழமை காலையிலேயே ஒரு கிண்ணத்தில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடிப்பதற்குள் வெட்டுப் பதத்துக்கு வந்திருக்கும்.