சிவப்பு ட்ரே காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் இருபது வருடத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்தவன் நான். இப்போது புதிதாக சூப்பர்வைசர் ஆகும் பிள்ளைகளைப் பழக்கிவிடுவதுதான் என் வேலை. போன மாதம் ஒரு தம்பி, காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, "நாம் இரும்பைக் கடையவில்லை, உயிரைக் காக்கிறோம்" என்று பத்து நிமிடம் முழங்கினான். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் பேசியவன்தான்.

லேட்டாக வருவது, நாலு பேர் முன்னால் திட்டுவது போன்றவை எல்லாருக்கும் தெரிந்த தப்புகள், அவற்றை விட்டுவிடுகிறேன். "எதற்காக இந்த வேலை" என்பதை ஆட்களிடம் கொண்டுபோகும்போது நடக்கும் தப்புகள் மட்டும் இங்கே.

பேசிப் புரியவைக்கப் பார்ப்பது

தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த உயிர் யாருடையது என்று வரிசையில் நின்ற யாரும் பார்த்ததில்லை. பேச்சு எடுபடாத பிறகு, நான் மூன்று ஆபரேட்டர்களை, பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஒரு பிரேக் டிரம்மைக் கழற்றி, பிரேக் ஆயில் கசிந்து ஊறிப்போன வீல் சிலிண்டரை, நாங்கள் கடைவது போன்ற அதே பாகத்தை, கையில் கொடுத்தார். உள்ளே இருந்த ரப்பர் கப்பில் நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு. "உள்ள பிசிறு இருந்திருக்கும் சார், மாட்டும்போதே கிழிச்சிருக்கும்" என்றார். கடைந்த இரும்பின் ஓரத்தில் துருத்தி நிற்கும் கூர்தான் பிசிறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. மறுநாள் அவர்களில் ஒருவர், காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு பாக்கெட் தன் காசில் வாங்கி வந்திருந்தார். ஆயில் துளை ஓரமாக அதை இழுத்துப் பார்ப்பார். பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு.

இதை ஆய்வாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரின் குழுவினர் 2007ல் வெளியிட்டது. பல்கலைக்கழகத்துக்காக போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களை, அந்தப் பணத்தில் படிக்கும் மாணவர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசவைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954ல் 12 படுக்கையோடு தொடங்கியதற்குப் பின்னால், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி இருந்தார்.

சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு நோக்கம் பேசுவது

வேண்டாம். அடி விழும்.

எல்லாருக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைப்பது

ஒருவருக்குத் தங்கை கல்யாணம். இன்னொருவருக்கு கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். டீ நேரத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

மாசக் கடைசியில் வேறு ஆளாக மாறுவது

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, என் மேல்தான்.

சந்தேகப்படும் பீஸை யார் வேண்டுமானாலும் சிவப்பு ட்ரேயில் எடுத்து வைக்கலாம், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். எங்களில் மூத்த ஆபரேட்டர் ஒருவர். எல்லாரும் அண்ணே என்போம். ஒரு மாதம் 30ஆம் தேதி மாலை அவர் ட்ரேயில் நாற்பது பீஸ் வைத்திருந்தார். வண்டி கேட்டில் நிற்கிறது, பில்லுக்கு அந்த நாற்பது வேண்டும். நான் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லண்ணே, போட்டு அனுப்புங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளில் லாட் முழுக்கத் திரும்பி வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆள் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி அனுப்பினோம். அந்த நஷ்டம் கணக்கில் அடைந்துவிட்டது. அடையாதது வேறு. அன்றிலிருந்து அண்ணன் அந்த ட்ரேயில் ஒரு பீஸ்கூட வைக்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். ட்ரே மாதக் கணக்கில் காலி. தரம் கூடிவிட்டது என்று மேலே ரிப்போர்ட் வேறு போட்டேன்!

உண்மை உறைத்ததும் அடுத்த அபத்தம் செய்தேன். பிசிறு கண்டுபிடித்தால் பீஸுக்குப் பத்து ரூபாய் என்று அறிவித்தேன். ட்ரே நிரம்பியது, பாதி நல்ல பீஸ். காசை நிறுத்தினேன், பழையபடி காலி. எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971லேயே மாணவர்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்: புதிர் போடக் காசு கொடுத்துவிட்டு நிறுத்தினால், முன்பு சும்மாவே ஆசையாகச் செய்த அளவுக்குக்கூட அதைத் தொடுவதில்லை. எனக்கு அது தெரிந்திருந்தால் கொஞ்சம் காசு மிச்சமாகியிருக்கும்.

சரிசெய்ய ஒரு வருடம் ஆனது. முதலில் அண்ணனிடம் எல்லார் முன்னாலும் "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன். அதில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒவ்வொரு மாதக் கடைசியும் ட்ரேயில் இருப்பதைத் தொடாமல் வண்டியைக் குறைவாக அனுப்பி, மேலே நானே திட்டு வாங்கினேன். ஆறாவது மாதமோ ஏழாவதோ, ட்ரேயில் ஒரே ஒரு பீஸ் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

முழங்கிய அந்தத் தம்பி போன வாரம் 29ஆம் தேதி ராத்திரி போன் செய்தான். "சார், சிவப்பு ட்ரேல பதினெட்டு இருக்கு. வண்டி நிக்குது. டிரைவர் கத்துறாரு. என்ன சார் பண்றது?"

"டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பா" என்றேன்.

பதினெட்டு பீஸ் குறைவாக, வண்டி ஒன்பதரைக்குக் கிளம்பியதாம்.